மாதிரி ரயில் சங்கங்கள்

விழுப்புரத்தில் புறப்பட்டு, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் ஆகிய ஊர்களைக் கடந்து புதுச்சேரியை அடையும் இருப்புப்பாதை 1879-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பிரிட்டிஷாரின் ஆட்சிப் பிரதேசத்தில் தொடங்கிப் பிரெஞ்சுக்காரரின் ஆட்சிப் பிரதேசத்தில் முடிந்த அந்தப் பாதை, மீட்டர் கேஜ் என்று வழங்கிய குறுகிய அளவில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. வில்லியனூர்ப் பகுதியிலுள்ள உறுவையாற்றிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வயதில் மூத்தவர்கள் அந்தப் பழைய வண்டியில் பிரயாணம் செய்தவர்களே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதைக் கண்ணால் காண விரும்பினால் பழைய பாதையும் இல்லை, அதில் ஓடிய வண்டியும் இல்லை. எனினும் மறைந்துபோன ஒரு பாதையை அளவு பிசகாமல் மீண்டும் அமைத்து ஓட்டிக் காட்டும் கலை ஒன்று உலகில் உண்டு. அதுவே மாதிரி ரயில் கலை. அதை வளர்ப்பவை மாதிரி ரயில் சங்கங்கள்.

பொம்மை ரயிலுக்கும் மாதிரி ரயிலுக்கும் உள்ள வேற்றுமை பிரமாணத்தில் அடங்கியிருக்கிறது. பொம்மை செய்பவர் எஞ்சினைப் போலத் தோன்றும் ஒரு பொருளைச் செய்தால் போதும். மாதிரி செய்பவரோ சக்கரத்தின் விட்டம், பெட்டியின் நீளம், கைகாட்டி மரத்தின் உயரம், நடைமேடையில் நிற்கும் மனிதனின் உருவம் ஆகிய அனைத்தையும் ஒரே விகிதத்தில் குறுக்கியாக வேண்டும். இன்று பெருவழக்காக உள்ள எச்.ஓ. என்னும் அளவு 87-இல் ஒரு பங்கு. அதில் ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள மனிதன் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பான். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் நகரச் சந்தையில் வரிசைப்படுத்திய தண்டவாள அளவுகளோடு வண்டிகளைக் காட்சிக்கு வைத்தது. ஒருவர் வாங்கிய பாதையில் இன்னொருவர் வாங்கிய வண்டி ஓடும் சௌகரியத்துக்கு அங்கிருந்தே வழி பிறந்தது.

தண்டவாளம் வண்டியைத் தாங்குவதோடு மின்சாரத்தையும் சுமக்கிறது. இரண்டு தண்டவாளங்களும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தின் இரண்டு முனைகளாக அமைய, சக்கரங்கள் அந்த மின்சாரத்தைப் பெற்று எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மோட்டாருக்கு அனுப்புகின்றன. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். இந்த முறையில் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே ஆள வேண்டுமானால், பாதையைப் பல பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச் வைக்க வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் வகுத்த புதிய நியமத்தின்படி, ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் தனக்கென எண் பெற்ற சிறு மின்னணுத் தகடு ஒன்று அமர்கிறது. பாதை முழுவதும் பரவும் கட்டளைகளில் தன் எண்ணுக்கு உரியதை மட்டும் அது ஏற்று நடக்கிறது.

இவ்வளவையும் தனியொருவர் தம் வீட்டுக் கூடத்தில் செய்யலாகாதா என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் இடம் விரைவில் தீர்ந்துவிடும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரையுள்ள ஏறத்தாழ 38 கிலோமீட்டர் பாதையை 87-இல் ஒரு பங்காகக் குறுக்கினாலும் 437 மீட்டர் நீளம் வேண்டும். அதற்கு எந்த வீடு போதும்? ஆகவே முக்கியமான நிலையங்களையும் பாலங்களையும் நிறுத்திக்கொண்டு, இடைப்பட்ட வெளியைச் சுருக்குவதே வழக்கம். அப்படிச் சுருக்கிய பின்னும் ஒரு பெரிய அறை தேவைப்படும்; அதற்குச் சங்கமே வழி. 1910-இல் லண்டனில் உலகின் மிகப் பழைய மாதிரி ரயில் சங்கம் எனக் கருதப்படும் ஸ்தாபனம் உருவாயிற்று. அதன் உறுப்பினர்கள் 1980-களில் தொடங்கிய ‘கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ்’ என்னும் படைப்பு, கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வடக்கே இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இருந்த வீதிகளையும் பாதைகளையும் அப்படியே காட்டுகிறது. பல பத்தாண்டுகளாகப் பலர் கைமாற்றிக் கட்டிய அத்தகைய படைப்பு தனிமனித ஆயுளுக்குள் அடங்குவதன்று.

நிலையான அறை கிடைக்காத சங்கங்களுக்கும் வழி உண்டு. 1970-களில் கலிபோர்னியாவில் சில அன்பர்கள் ‘என்ட்ராக்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினர். ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டில் ஒரு பலகைத் துண்டின்மேல் தமக்குப் பிடித்த காட்சியை அமைப்பார். துண்டின் இரு ஓரங்களிலும் தண்டவாளம் வந்து நிற்கும் இடமும் உயரமும் மின்கம்பி இணைப்பும் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். சந்திக்கும் நாளில் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் ஒரு மண்டபத்தையே சுற்றிவரும் நெடும்பாதை உருவாகிவிடும்.

சங்கம் அளிக்கும் மற்றொரு செல்வம் வித்தைகளின் சேர்க்கை. தச்சுவேலை அறிந்தவர் மேடையை அமைக்க, மின்வேலை அறிந்தவர் கம்பிகளைப் பற்றவைக்க, ஓவியம் கற்றவர் மலையும் வானமும் தீட்ட, ரயில்வேயில் பணிசெய்து ஓய்வுபெற்றவர் கைகாட்டியின் முறைகளைச் சொல்லித்தர, ஒவ்வொருவரும் மற்றவர்க்கு ஆசிரியராகிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946-இல் மாணவர்கள் தொடங்கிய சங்கம் இதற்குச் சிறந்த சான்று. தொலைபேசி நிலையத்து ரிலே என்னும் மின் ஸ்விட்ச்சுகளைக் கொண்டு தங்கள் பாதையின் கட்டுப்பாட்டை அமைத்துப் பழகிய அம்மாணவர்களில் பலர், 1950-களின் இறுதியில் அங்கிருந்த கம்ப்யூட்டர்களை நாடிச் சென்றார்கள். 1962-இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ என்னும் ஆதிகாலக் கம்ப்யூட்டர் விளையாட்டு அந்தக் கூட்டத்தாரின் படைப்பே.

பாதை கட்டி முடிந்தபின் ஓட்டுதல் தொடங்குகிறது. ஒருவர் கட்டுப்பாட்டாளராகவும், சிலர் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும், சிலர் டிரைவர்களாகவும் அமர்ந்து, வேகமாக ஓடும்படி திருத்திய கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு நாளின் அட்டவணை முழுவதையும் சில மணி நேரத்தில் நடத்திவிடுவார்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் எதை நிலையத்தில் நிறுத்துவது, கூட்ஸ் வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியை எந்தப் பக்கப்பாதையில் தள்ளுவது என்று கூடி முடிவெடுக்கும்போது பொறுமையும் கட்டுப்பாடும் இயல்பாக அமைகின்றன.

நம் நாட்டில் இக்கலைக்குப் பெருந்தொண்டு செய்தவர் பூனாவைச் சேர்ந்த பாவுசாகேப் ஜோஷி. அவர் பெயரால் 1998 ஏப்ரல் 1-ஆம் தேதி திறக்கப்பட்ட சிறு ரயில் காட்சிசாலை எச்.ஓ. அளவில் அமைந்தது; பலவகை வண்டிகளும் கைகாட்டிகளும் ஒரு நகரத்தின் நடுவே இயங்குவதை அங்கே காணலாம்.

நம் வில்லியனூர்ப் பகுதிக்கு இக்கலை எவ்வளவு பொருந்தும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் ஐரோப்பாவில் வழங்கும் 1435 மில்லிமீட்டர் பாதையைக் குறுக்கியது; அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டரைக் குறுக்கினால் 19.3 வருவதால் அது பொருந்துவதில்லை. பழைய மீட்டர் பாதையோ 11.5 மில்லிமீட்டராகக் குறுகும். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு அநேகமாகச் சரியாக அமைந்துவிடுகிறது. மறைந்துபோன பாதையே மாதிரிக்கு எளிதாக இருப்பது நம் பாக்கியம். மேலும், வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூரின் காகிதக்கூழ் வேலைப்பாடும் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்கள். மாதிரி ரயிலுக்குரிய குன்றுகளை உலகெங்கும் காகிதக்கூழால் செய்துவந்திருக்கிறார்கள். ஓட்டு வீடுகளுக்குச் சுடுமண்ணை விட உரிய பொருள் இல்லை. பிற தேசத்தார் தேடிக் கற்கும் கைத்திறன் நம் ஊர்களில் பரம்பரையாக இருக்கிறது.

வில்லியனூர் நிலையம் ஒன்று, சங்கராபரணி ஆற்றின் மேல் செல்லும் பாலம் ஒன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட வயல்வெளி ஒன்று என்று மூன்று பலகைத் துண்டுகள் ஒரு சங்கத்தின் தொடக்கத்துக்குப் போதும். பள்ளிக்கூடத்தின் ஓர் அறையும், சிரத்தையுள்ள ஆசிரியர் ஒருவரும், அவரைச் சுற்றிச் சில மாணவர்களும் இருந்தால் வேலை நடக்கும். ஆயினும் முதலில் செய்யத்தக்கது பலகை வாங்குவதன்று. பழைய நிலையத்தின் கூரை எப்படி இருந்தது, தண்ணீர்த்தொட்டி எங்கே நின்றது, பெட்டிகளுக்கு என்ன நிறம் என்பவற்றை அறிந்த முதியவர்களிடம் சென்று கேட்டு எழுதி வைப்பதே. தண்டவாளத்தை எந்த ஆண்டிலும் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் செய்திகளை அவர்கள் இருக்கும்போது மட்டுமே பெற முடியும்.