பாவு போடுவதற்கு முன் எடுக்கும் முடிவு

காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது செவிலிமேடு. இந்தப் பகுதித் தறிகளில் ஒரு பட்டுச்சேலை நெய்து இறங்கப் பத்து முதல் இருபது நாள் ஆகிறது. ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை. அதற்கு முன்பே நூல் வாங்கி, முறுக்கேற்றி, சாயம் தோய்த்து, பாவு போட்டாக வேண்டும். ஆகவே தீபாவளிக்கோ தை முகூர்த்தத்துக்கோ கடைக்கு வந்து சேர வேண்டிய சேலையின் உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், ஜரிகை எவ்வளவு என்பதையெல்லாம், அதை வாங்கப்போகிற குடும்பம் யோசிக்கத் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே யாரோ ஒருவர் முடிவு செய்துவிடுகிறார். கூட்டுறவில் அவர் சங்கத்தின் பொறுப்பில் இருப்பவர். வெளியில் என்றால், நூலும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளி. கணிப்பு தவறினால் பட்டும் வெள்ளியும் தங்கமும் அலமாரியில் தேங்கி நிற்கும். தேக்கத்தைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டால்தான் அடுத்த பாவுக்குப் பணம் புரளும், அதுவரை தறி சும்மா கிடக்கும். விற்பனைக் கணக்கைப் படித்து அடுத்த பருவத்துக்கு எது எத்தனை தேவை என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு இப்போது சிறு வணிகருக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. அதைப் பட்டுத் தொழில் பயன்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இயந்திரம் சொல்லட்டும், அனுபவமுள்ளவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தட்டும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஏற்பாடு, கேட்க நியாயமாகத் தோன்றினாலும், தவறானது என்பதே என் வாதம். தனக்குத் தெரிந்த ஒன்று இயந்திரத்தின் கணக்கில் இல்லை என்று எடுத்துக் காட்ட முடிகிற இடத்தில் மட்டும் மனிதர் கை வைக்க வேண்டும்.

அனுபவத்தின் மேல் நமக்கிருக்கும் மரியாதையை முதலில் சோதித்துப் பார்த்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். படிப்பில் யார் தேறுவார், விடுதலையான கைதிகளில் யார் திரும்பவும் குற்றம் செய்வார் என்பது போன்ற கேள்விகளில் வல்லுநர் கணிப்பையும் எளிய கணக்குச் சூத்திரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளை அதில் திரட்டியிருந்தார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் சூத்திரம் வல்லுநருக்குச் சமமாக நின்றது அல்லது மிஞ்சியது. பின்னாளில், 2000இல், 136 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சூத்திரத்தின் துல்லியம் சராசரியாகப் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடுதல் என்று தெரிந்தது. காரணம் எளிது. ஒரே தகவலை இரண்டு நாளில் காட்டினால் மனிதர் இரண்டு விதமாகச் சொல்வார். அண்மையில் நடந்தது அவருக்குப் பெரிதாகத் தெரியும். போன தீபாவளிக்கு மயில்கழுத்து நிறம் கைக்குக் கை பறந்திருந்தால், அதற்கு முந்தைய நான்கு தீபாவளிகளில் அது கிடப்பில் கிடந்தது மறந்துபோகும். இயந்திரத்துக்கு இந்த மறதி கிடையாது. எந்த நிறம், எந்த விலை, எந்த மாதம் என்ற சலிப்பூட்டும் கணக்கில் நாம் அதனோடு போட்டி போடுவதில் பொருளில்லை.

அப்படியானால் இருவரையும் சேர்த்துவிட்டால் இருவரின் பலமும் கிடைக்குமே என்று தோன்றும். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மிஷெல் வக்காரோ, அப்துல்லா அல்மாதூக், தாமஸ் மலோன் ஆகியோர் இதை அளந்து பார்த்து 2024இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் எழுதினார்கள். மொத்தம் 106 சோதனைகளிலிருந்து 370 அளவீடுகள். மனிதரும் இயந்திரமும் சேர்ந்த கூட்டு, அந்த இருவரில் எவர் சிறந்தவரோ அவர் தனியே செய்ததைவிடச் சராசரியாக மோசமாகவே செய்தது. முடிவெடுக்கும் வேலைகளில் இழப்பு தெரிந்தது, எழுதுவது வரைவது போன்ற ஆக்க வேலைகளில் ஆதாயம் தெரிந்தது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் இருக்கிறது. எந்த வேலையில் மனிதர் தனியே இயந்திரத்தைவிடச் சிறந்தவராக இருந்தாரோ அங்கே கூட்டு பலன் தந்தது. இயந்திரம் சிறந்து விளங்கிய வேலையில் மனிதர் சேர்ந்ததும் பலன் குறைந்தது. எதில் நம்பலாம், எதில் நம்பக் கூடாது என்பதை அந்தந்த நேரத்தில் பிரித்தறிய நமக்குத் தெரிவதில்லை. இதற்கு ஓராண்டு முன்பு 758 நிர்வாக ஆலோசகர்களிடம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையும் இதையே காட்டியது. இயந்திரத்துக்குக் கைவரும் வேலையில் அதைப் பயன்படுத்தியவர்கள் கால்வாசி நேரத்தை மிச்சம் பிடித்தார்கள், தரமும் உயர்ந்தது. கைவராத வேலை ஒன்றை வேண்டுமென்றே கொடுத்தபோது, இயந்திரத்தை வைத்திருந்தவர்கள் சரியான விடைக்கு வருவது 19 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது.

பட்டு வணிகத்துக்கு மிக நெருக்கமான சான்று இன்னும் பழையது. ராபர்ட் ஃபில்ட்ஸ், பால் குட்வின் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. நான்கு நிறுவனங்களில் கணினி தந்த விற்பனை முன்கணிப்புகளை அலுவலர்கள் எப்படித் திருத்தினார்கள், கடைசியில் எது சரியாக வந்தது என்று அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். சிறு சிறு திருத்தங்கள் பெரும்பாலும் கணிப்பைக் கெடுத்தன. பெரிய திருத்தங்கள் பெரும்பாலும் அதை மேம்படுத்தின. இது தற்செயல் அல்ல. ஒருவர் கணக்கைப் பெரிதாக மாற்றுகிறார் என்றால் அவருக்கு உறுதியான செய்தி ஏதோ தெரிந்திருக்கிறது. ஐந்தைக் கூட்டி மூன்றைக் குறைப்பவர், தானும் வேலை பார்த்ததாகக் காட்டிக்கொள்வதற்காகத் தொடுகிறார். குறைக்கும் திருத்தங்கள் கூட்டும் திருத்தங்களைவிட நன்றாகப் பலித்தன என்பது அடுத்த செய்தி. நிறைய விற்கும் என்ற ஆசை கணிப்பாக வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. சேலைத் தொழிலில் கூட்டிப் போடும் தவற்றின் விலை மற்ற தொழில்களைவிட அதிகம், ஏனென்றால் தேங்குவது வெறும் துணி அல்ல, ஜரிகையில் உள்ள வெள்ளியும் தங்கமும்கூட. ஆகவே ஒரு சங்கம் கணினிக் கணிப்பைக் கையில் எடுக்குமானால், சின்னத் திருத்தங்களை முற்றாகத் தடை செய்வதும், கூட்டும் திருத்தத்துக்கு இரண்டாமவர் ஒப்புதலைக் கட்டாயமாக்குவதும் இந்தச் சான்றிலிருந்து நேராகக் கிடைக்கும் விதிகள்.

பெரிய திருத்தத்துக்கு இடம் கொடுக்க வேண்டிய சந்தர்ப்பத்தை மீலே ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தார். இன்னவர் இந்த வாரம் சினிமாவுக்குப் போவார் என்று சூத்திரம் கணிக்கிறது, ஆனால் அவர் காலை உடைத்துக்கொண்டு படுத்திருப்பது நமக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் 2019இல் வந்தது. வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். அதற்கு முந்தைய தரிசனம் 1979. நாற்பதாண்டுக்கு ஒருமுறை வரும் நிகழ்வை, பத்தாண்டு விற்பனைப் பதிவைப் படித்த எந்த இயந்திரமும் கண்டிருக்க முடியாது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆடித் தள்ளுபடி உண்டு என்பதை மட்டும் அது கற்றிருக்கும். அந்த நாள்களில் கூட்டம் லட்சக்கணக்கில் வந்தது, ஊருக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. இத்தனை பேர் வந்தால் பட்டு விற்கும் என்று எண்ணுவதா, வந்தவர்கள் வரிசையில் நின்று களைத்துப் பேருந்துக்கு ஓடுபவர்கள், கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பம் இந்த நெரிசலில் கால் வைக்காது என்று எண்ணுவதா? இந்தக் கேள்வியைக் கேட்கவே ஊரைத் தெரிந்தவர் வேண்டும். அதைவிட நுட்பமான சிக்கல் பின்னால் வந்தது. அந்த ஆண்டின் ஆடிக் கணக்கை இயந்திரம் இயல்பான ஆடி என்று கற்றுக்கொள்ளும். அதற்கடுத்த ஆண்டு மார்ச் 25 முதல் நாடே ஊரடங்கில். இரண்டு ஆண்டுகளும் பாடமாகக் கொள்ளத் தகாதவை என்று சொல்லி அவற்றைத் தனியே எடுத்து வைப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை. அடுத்த தரிசனம் 2059இல் என்பதையும் அவர்தான் எழுதி வைக்க வேண்டும்.

இத்தகைய அறிவு அரிய நிகழ்வுகளோடு நின்றுவிடுவதில்லை, அன்றாடமும் கடையில் உருவாகிறது. விற்பனையாளர் பாயில் பத்துச் சேலையை விரித்துப் போடுகிறார். எதிரில் இருக்கும் பெண் முந்தியைத் தடவிப் பார்த்து, இதே கரை வேண்டும், ஆனால் உடல் அரக்கில் இல்லாமல் வெந்தய நிறத்தில் கிடைக்குமா என்று கேட்கிறார். இல்லை என்றதும் எழுந்து போகிறார், அல்லது மனமில்லாமல் அரக்கையே எடுத்துக்கொள்கிறார். முதல் நிலையில் பில்லே இல்லை, இரண்டாம் நிலையில் பில்லில் அரக்கு விற்றதாகப் பதிவாகிறது. இயந்திரம் படிப்பது பில்லை மட்டுமே. இருப்பில் இல்லாததால் விற்காமல் போனதை அது விருப்பமில்லாததால் விற்காமல் போனதாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்த பருவத்துக்கும் அரக்கையே நெய்யச் சொல்லும், நெய்ததால் அதுவே விற்கும், விற்றதால் மறுபடியும் அதுவே. இப்படியே போனால் நிறங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டு போகும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் தோய்த்த நீலம் பிற்பாடு ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே பெயர் பெற்றது. அதற்கு முந்தைய எந்தக் கணக்கேட்டைப் புரட்டினாலும் அந்த நிறத்துக்குத் தேவை இருப்பதாகத் தெரிந்திருக்காது. கேட்டுக் கிடைக்காமல் போன நிறத்தை விற்பனையாளர் அன்றன்றைக்குக் கைப்பேசியில் குறித்து வைத்தால், இயந்திரம் தானாக அறிய முடியாத ஒன்றை நாம் அதற்குத் தருகிறோம். கணிப்பு முடிந்தபின் ஒப்புதல் கையெழுத்து போடுவதைவிட இது பல மடங்கு பயனுள்ள மனிதப் பங்களிப்பு.

வேலையை இப்படிப் பங்கிடுவது நெசவுக்குப் புதிதல்ல. ஜோசப் மரி ஜக்கார் 1804இல் பிரான்சில் நிறைவுசெய்த தறி, எந்த இழை எழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளில் எழுதி வைத்தது. அட்டையில் துளையிட்டுத் தகவல் பதியும் முறையிலேயே 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு எண்ணப்பட்டது, கணினியின் வழி அங்கிருந்து நீள்கிறது. காஞ்சிபுரத்தில் முன்பு கையால் அடை கட்டி வடிவம் எடுத்த வேலையை ஜக்கார்டு பெட்டி ஏற்றுக்கொண்டது. கோர்வைச் சேலை நெய்வதை அருகிலிருந்து பார்த்தால் பங்கீடு விளங்கும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு என மூன்று நாடாக்கள். ஒரு பக்கக் கரை நாடாவைத் துணை ஆள் தள்ளித் தருகிறார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் கோட்டில் ஓர் இழை தளர்ந்தாலும் கோர்வை பல்லாகத் தெரியும். புட்டா எங்கே விழ வேண்டும் என்பதை அட்டை ஒருபோதும் மறப்பதில்லை, நெசவாளர் அதைச் சரிபார்த்துக்கொண்டு உட்காருவதும் இல்லை. இழையின் இறுக்கம், பலகை அடிக்கும் வேகம், மழைநாளில் பட்டு கொடுக்கும் இழுவை இவை அட்டையில் ஏறாதவை. அவை கைக்கு உரியவை. அட்டையின் வேலையைக் கையும் கையின் வேலையை அட்டையும் மேற்பார்வை பார்க்கவில்லை என்பதால்தான் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன.

ஆனால் அட்டையில் ஏறாதவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகுமே, பஞ்சாங்கத்தையும் முகூர்த்த நாளையும் வெள்ளி விலையையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் மனிதருக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2025இல் அக்டோபர் 20. இந்த நகர்வையெல்லாம் மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, தாராளமாக இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம். எல்லைக்கோடு நகரும், நகரட்டும். ஆனால் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் சான்று. தன் கணிப்பு முறையை நம்பி வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் 2018இல் இறங்கியது, விலைகளைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடியது. ஊழியர்களில் கால்வாசிப் பேரை அனுப்பியது. வெள்ளி விலையும் அப்படித்தான். இந்திய ஒன்றிய அரசு 2024 ஜூலையில் தங்கம், வெள்ளி இறக்குமதி வரியை ஒரே நாளில் 15 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைத்தது. அதற்கு முதல் நாள் வரை வந்த விலைப் போக்கை எத்தனை நுட்பமாகப் படித்திருந்தாலும் அந்த முடிவு அதில் எழுதியிருக்காது.

இந்த ஏற்பாடு நடைமுறையில் ஒரு பதிவேட்டைக் கேட்கிறது. பொறுப்பில் இருப்பவர் இயந்திரத்தின் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே தன் எண்ணை எழுத வேண்டும், பார்த்துவிட்டால் அதை ஒட்டியே மனம் போகும். இயந்திரத்தை மீறினால், அதற்குத் தெரியாத எந்தச் செய்திக்காக மீறினார் என்று ஒரு வரி எழுத வேண்டும். அனுபவம் என்று மட்டும் எழுதினால் ஏற்கக் கூடாது. பருவம் முடிந்ததும் இரண்டு எண்களையும் விற்றதோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் யாருடைய மீறல் எதில் பலிக்கிறது என்று தெரிந்துவிடும். இளையவர்கள் தொழிலைக் கற்கவும் இதுவே வழி, வழக்கமான முடிவுகளையெல்லாம் இயந்திரம் எடுத்துவிட்டால் அரிதான முடிவை எடுக்கப் பழகிய ஆள் பிறகு கிடைக்க மாட்டார். லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே தானியங்கி ஆலைகளைப் பார்த்து இந்த எச்சரிக்கையை எழுதினார். இதில் நான் விட்டுக்கொடுக்க முடியாத இடம் ஒன்று உண்டு. கணிப்பு இயந்திரத்துடையதாக இருந்தாலும் அலுவலருடையதாக இருந்தாலும், அது தவறும்போது முதலில் வேலை இழப்பது அந்தக் கணிப்பில் ஒரு சொல்லும் சொல்லாத நெசவாளர். தேக்கத்தைக் காரணம் காட்டிச் செவிலிமேட்டில் ஒரு தறிக்குப் பாவு வராமல் நின்றால், நின்ற நாள்களின் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே முடிவு செய்து வைத்துவிட்டுத்தான் கணினியை இயக்க வேண்டும்.