ரூம் போட்டவர் துபாயில்… சாவி கேட்பவர் தாதரில்!

அதிகாலை 5 மணி. ஊரிலிருந்து வந்த ரெயில் தாதரில் நிற்கிறது. கையில் ஒரு சூட்கேஸ், தோளில் ஒரு துணிப்பை, பிளாஸ்டிக் உறைக்குள் ஆஸ்பத்திரி சீட்டுகள். இறங்கி வருகிறார் ஒரு பெரியவர். பின்னால் மனைவி.

மும்பை வாழ் தமிழர்கள் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருப்பார்கள். ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். பரேலில் 1941-ல் தொடங்கப்பட்ட டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் அன்று காலை டாக்டரைப் பார்க்க வேண்டும். தாராவியில் தம்பி வீடு இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை. அதில் ஏற்கனவே ஆறு பேர். உடல் நலமில்லாத அண்ணனை எங்கே படுக்க வைப்பது?

துபாயில் வேலை பார்க்கும் அக்காள் மகன் போனில் தைரியம் சொன்னான்.

"மாமா, ஒண்ணும் கவலைப்படாதீங்க. தாதர்ல ஓட்டல் ரூம் போட்டுட்டேன். பணமும் கட்டியாச்சு. நீங்க போய் பேரைச் சொன்னாப் போதும்."

போய்ப் பெயரைச் சொன்னார்கள். கவுண்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பெயர் இருந்தது. "கார்டு திகாயியே" என்றார்.

பெரியவர் ஆதார் கார்டை எடுத்து நீட்டினார். அது இல்லையாம். ரேஷன் கார்டை எடுத்தார். அதுவும் இல்லையாம். தாராவியிலிருந்து தம்பி ஓடி வந்து இந்தியில் பேசிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ரூம் எந்தக் கிரெடிட் கார்டில் போடப்பட்டதோ, அந்தக் கார்டைக் காட்ட வேண்டும்!

கார்டு துபாயில், மருமகன் சட்டைப்பையில் இருக்கிறது. இங்கே 5.30 மணி என்றால் அங்கே 4 மணி. மருமகன் தூங்குகிறான். போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு கேள்வியா, இரண்டு கேள்வியா?

இதில் பெரியவருடைய குழப்பம் நியாயமானது. அவர் அறிந்தது ரெயில். ரெயிலில் டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டினார் என்று எந்தப் பரிசோதகரும் கேட்பதில்லை. மகன் கட்டலாம், முதலாளி கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் கட்டலாம். பயணம் செய்கிறவர் யார் என்பது ஒன்றுதான் கேள்வி. 1-12-2012 முதல் எல்லா முன்பதிவு வகுப்புகளிலும், ஒரு டிக்கெட்டில் உள்ளவர்களில் ஒருவராவது அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அவ்வளவுதான்.

பெயர் விஷயத்தில் ரெயில்வே வெகு கறார். 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 142-வது பிரிவுப்படி, ஒருவர் டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்பதும் கொடுப்பதும் குற்றம். ரெயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுத்தால் குடும்பத்தாருக்குப் பெயர் மாற்றித் தருவார்கள். தாய், தந்தை, சகோதரன், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி என்று பட்டியல் முடிந்துவிடுகிறது. மாமனும் மருமகனும் ரெயில்வே கணக்கில் உறவினர் இல்லை!

ஓட்டலில் கேள்வி இரண்டு. தங்குகிறவர் யார்? பணம் கட்டியவர் யார்?

முதல் கேள்வி போலீசாருக்காக. தங்குகிறவர் பெயர், முகவரி, அடையாளச் சான்று எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2008 நவம்பர் 26 தாக்குதலுக்குப் பிறகு மும்பையில் இந்தக் கண்டிப்பு அதிகமாகிவிட்டது. இலங்கை, மலேசியாவிலிருந்து வரும் உறவினர் என்றால் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஓட்டல்காரர் அரசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி ஓட்டல்காரருடைய பணப்பெட்டிக்காக.

என்ன பயம்?

கார்டு என்பது ரூபாய் நோட்டு அல்ல. கார்டில் வந்த பணம் திரும்பிப் போகவும் கூடும். "இந்தச் செலவு நான் செய்யவில்லை" என்று கார்டுக்குச் சொந்தக்காரர் தன் வங்கியில் புகார் கொடுத்தால் வங்கி விசாரிக்கும். உலக அளவிலான பெரிய கார்டு கம்பெனிகள் இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் தருகின்றன. நம் பெரியவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகும் புகார் வரலாம். புகார் ஜெயித்தால் ஓட்டலுக்கு ரூமும் போச்சு, பணமும் போச்சு.

நம் நாட்டு வங்கிக் கார்டு என்றால் இந்தப் பயம் குறைவு. இன்டர்நெட்டில் கார்டு மூலம் பணம் கட்டும்போது கார்டு எண்ணோடு இன்னொரு ரகசிய அடையாளமும் தேவை என்று ரிசர்வ் வங்கி 1-8-2009 முதல் கட்டாயமாக்கியது. இன்று செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண் அந்த வழியில் வந்ததுதான். ஓ.டி.பி. கொடுத்துக் கட்டியவர் பிறகு "நான் இல்லை" என்று சொல்வது கஷ்டம்.

ஆனால் வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த கார்டுகளை அந்த உத்தரவு கட்டுப்படுத்தவில்லை. கார்டின் எண்ணும் பின்புறத்து மூன்று இலக்கமும் தெரிந்தாலே பணம் எடுக்கக்கூடிய வெளிநாட்டுக் கார்டுகள் உண்டு. அதனால்தான் வளைகுடா மருமகன் கார்டு என்றதும் மும்பை ஓட்டல்காரர் கண்ணைச் சுருக்குகிறார். மருமகன் மீது கோபம் இல்லை. அந்தக் கார்டு மருமகனுடையதுதானா என்பதே அவர் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. 2022-ம் ஆண்டு டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில், வெளிநாட்டு அரச குடும்பத்தோடு தொடர்புடையவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் சுமார் 4 மாதம் தங்கினார். போகும்போது 23 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி. 2023 ஜனவரியில் போலீசார் அவரைப் பிடித்தார்கள். அவர் கொடுத்திருந்த காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்திருந்தது.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. 2022 டிசம்பரில், ஊர் ஊராக நட்சத்திர ஓட்டல்களில் தங்கிவிட்டுப் பணம் கொடுக்காமல் நழுவியதாகத் தூத்துக்குடிக்காரர் ஒருவர் கேரளத்தில் சிக்கினார். இப்படிப்பட்டவர்கள் செய்த வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியவர் கவுண்ட்டரில் நிற்க வேண்டியிருக்கிறது.

பாதி விலை ரூம்

மருமகன் விஷயமாவது நேர்மையானது. இன்னொரு வழி இருக்கிறது. ஆபீஸ் கிளார்க்குகள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

"தெரிந்த ஏஜண்டு" என்று ஒருவர் அறிமுகம் ஆவார். 4,000 ரூபாய் ரூமை 2,000-க்குத் தருவார். ரசீது கேட்டால் செல்போனில் ஓட்டல் பதிவுச் சீட்டு வரும். அதில் நம் பெயர் சரியாக இருக்கும். நாமும் குடும்பத்தோடு போய்ச் சேருவோம்.

அந்த ரூம் திருட்டுக் கார்டில் போடப்பட்டதாக இருக்கலாம். நம்மிடம் வாங்கிய 2,000 அவருக்கு முழு லாபம். 4,000 ரூபாயை இழப்பவர் எங்கோ இருக்கும் கார்டுக்காரர். கவுண்ட்டரில் அகப்படுகிறவர் நாம்.

விமான டிக்கெட்டில் இந்த மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. 2014 நவம்பரில் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் தலைமையில் 45 நாடுகளில் விமான நிலையங்களில் சோதனை நடந்தது. இரண்டே நாளில் 118 பேர் கைதானார்கள். திருட்டுக் கார்டில் வாங்கிய டிக்கெட்டோடு விமானம் ஏற வந்தவர்களைத் தேடி நடந்த சோதனை அது.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி, 66-டி பிரிவுகளின்படி, அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவதற்கும் கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தெரியாமல் வாங்கினேன் என்று சொல்லலாம். ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் போலீஸ் நிலையமாக இருக்கும். குடும்பம் வெளியே பெட்டியோடு நிற்கும். ஏஜண்டு விற்றது மோசடி என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிவு செய்வது நல்லது.

ஒரு காகிதம் போதும்

சொந்தக்காரர் தன் சொந்தக் கார்டில் ரூம் போடுவது குற்றமே அல்ல. பெரிய கம்பெனிகள் தினமும் ஊழியர்களுக்கு இப்படித்தான் போடுகின்றன. வித்தியாசம், கம்பெனி முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறது. நாம் "பேரைச் சொன்னாப் போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

ரூம் போடும்போதே தங்கப் போகிறவர் பெயரில் போட வேண்டும். பணம் கட்டுகிறவர் பெயரில் போட்டுவிட்டு மாமாவை அனுப்பினால் சிக்கல் இரண்டாகிறது. அடையாள அட்டையில் இருப்பது போலவே பெயர் இருக்க வேண்டும். ஊரில் கூப்பிடும் பெயர் உதவாது. வீட்டு முகவரி இல்லாத பான் கார்டைப் பல ஓட்டல்கள் ஏற்பதில்லை. ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ் செல்லும்.

பிறகு ஓட்டலுக்கே ஒரு போன். "கார்டுக்காரர் வரமாட்டார், தங்குகிறவர் வேறு" என்று சொன்னால், பல ஓட்டல்கள் ஒரு சம்மதப் படிவம் அனுப்புகின்றன. கார்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தன் அடையாளச் சான்றோடு திருப்பி அனுப்ப வேண்டும். ரூம் வாடகை மட்டுமா, சாப்பாடு, துணி வெளுப்பு எல்லாம் அந்தக் கார்டிலா என்பதும் படிவத்திலேயே இருக்கும். ஓட்டலிலிருந்து வந்த பதிலை ஒரு காகிதத்தில் அச்செடுத்துப் பெரியவர் பையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சிலர் அவசரத்தில் கார்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இது ஆபத்து. பின்புறத்து மூன்று இலக்கத்தை யாருக்கும் காட்டக்கூடாது. முன்புறத்திலும் கடைசி நான்கு எண் தெரிந்தால் போதும், மற்றதை மறைத்துவிடலாம். கடைகளும் ஓட்டல்களும் கார்டு எண்களைத் தங்கள் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கக் கூடாது என்று 1-10-2022 முதல் ரிசர்வ் வங்கியே தடுத்திருக்கிறது. அப்படியிருக்க நாமே படம் எடுத்துக் கொடுப்பானேன்?

கார்டு இரவல் கொடுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பூரில், மாட்டுங்காவில், ஆபீசில் ஒருவரிடம் கார்டு இருந்தால் நாலு பேர் கேட்பார்கள். மறுக்க முடியாது. கொடுப்பவர் தானே உட்கார்ந்து ரூம் போட்டுக் கொடுக்கலாம். எண்ணையும் ஓ.டி.பி.யையும் நண்பரிடம் சொல்லக்கூடாது. வங்கிக்காரர் தவறு இல்லாமல், நம் தவறும் இல்லாமல் பணம் போனால், 3 வேலை நாளுக்குள் புகார் செய்கிறவருக்கு நஷ்டம் இல்லை என்று 6-7-2017 தேதியிட்ட ரிசர்வ் வங்கி உத்தரவு சொல்கிறது. ஆனால் ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது நம் தலையில்தான். நட்புக்கு ரிசர்வ் வங்கி விலக்கு அளிக்கவில்லை.

கார்டே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மருமகன் பணத்தை ஊரில் மாமா கணக்குக்கு அனுப்பிவிட்டால், "ஓட்டலில் வந்து பணம் கட்டலாம்" என்று சொல்லும் ரூமைப் பதிவு செய்து நேரில் கட்டிவிடலாம். கையில் உறுதியான ரெயில் டிக்கெட் இருந்தால் ஸ்டேஷன் ஓய்வறைக்கும் முயற்சி செய்யலாம். அங்கே பி.என்.ஆர். எண்தான் முக்கியம். நோயாளிகளுக்குத் தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை இருக்கிறது. இடம் கிடைப்பதுதான் அரிது.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் 1942 முதல் இலைச் சாப்பாடு போட்டு வரும் ராம நாயக் மெஸ்ஸை அறியாத தமிழர் மும்பையில் குறைவு. அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வரும் இளைஞன் கையில் ஒரு கடிதம் இருக்கும். "இவன் இன்னார் மகன், பார்த்துக்கொள்ளவும்." அறையில் ஒரு மூலை கிடைத்துவிடும். ஓட்டல்காரர் இன்று கேட்கும் சம்மதப் படிவமும் ஏறக்குறைய அந்தக் கடிதம்தான். அன்று தபாலில் வந்தது.

தாதர் கவுண்ட்டரில் மணி 6.15. மருமகன் போன் எடுக்கவில்லை. தாராவித் தம்பி சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். யு.பி.ஐ. மூலம் ஒரு நாள் வாடகையைத் தானே கட்டுவதாகச் சொன்னார். ஆனால் விவரமானவர். "துபாய் கார்டுல இருந்து பணம் எடுக்கமாட்டோம்னு எழுதி, முத்திரை வெச்சுக் குடுங்க. அப்புறம்தான் பணம்" என்று இந்தியில் கேட்டார்.

கவுண்ட்டர்காரர் கொஞ்சம் யோசித்தார். எழுதிக் கொடுத்தார்.

பெரியவர் குளித்துத் தயாராக ஒரு மணி நேரம்தான் இருந்தது. 8 மணிக்குள் பரேலில் வரிசையில் நிற்க வேண்டும்.