வேட்டிக்குள்ள விட்ட ஓணான்

வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை என்று ஊரில் சொல்வோம். பெரம்பலூர் - அரியலூர் சாலையோரம் சீமைக்கருவேல வேலியில் கழுத்துச் சிவக்கத் தலையாட்டுகிறதே, நம் ஓணான், அதை ரீயூனியன் தீவில் வந்தேறி என்கிறார்கள். (இங்கே வேலிதான் வந்தேறி. அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஓணான் உள்ளூர்க்காரர்.)

அது எப்படி அங்கே போச்சு? 1865 வாக்கில், ஜாவாவிலிருந்து வந்த கரும்புக் கரணைகளோடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேற ஆசை. அதே 1860களில்தான் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். மூட்டை முடிச்சோடு ஒரு சினை ஓணான் போயிருக்கக் கூடாதா?

ஆசை ஆதாரம் ஆகாது. டிஎன்ஏ ஆகும். கொஞ்சம் எச்சில் போதும், வாய்க்குள் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கலாம். (வாலை வெட்டிடாதீங்க. பல்லி மாதிரி மறுபடி முளைக்காது.) தாய்வழியில் மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் படிக்கிறார்கள். சொந்த மண்ணில் பல வம்சங்கள் இருக்கும். கப்பலில் போனது நாலைந்துதான் என்றால் தீவில் ஒன்றிரண்டு வம்சம்தான் இருக்கும். அது இங்கே எந்த ஊரில் தென்படுகிறதோ, அந்த ஊர்தான் பிறந்த வீடு.

ஆப்பிரிக்க வீட்டுப்பல்லியை 2021இல் இஷான் அகர்வால் குழுவினர் இப்படித்தான் பின்தொடர்ந்தார்கள். ஒரே இனம் என்று நினைத்தது, 20 இனங்கள் வரை இருக்கலாம் என்று ஆனது. அதில் ஒன்றுதான் அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கா வரை பரவியிருக்கிறது. அடிமைக் கப்பல்கள் அதற்கு உதவியிருக்கலாம் என்கிறார்கள்.

ஓணானிலும் அதே சிக்கல். 1802இல் தோதேன் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த 'கலோட்டஸ் வெர்சிகலர்' என்ற பெயரில் பாகிஸ்தான் முதல் தென்கிழக்கு ஆசியா வரை எல்லா ஓணானையும் அடைத்து வைத்திருந்தோம். 2021இல் டிஎன்ஏ பார்த்துப் பிரித்தார்கள். அந்தப் பெயருக்குப் புதிய மாதிரி உடலாகப் புதுச்சேரி ஓணானைத் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கே இருப்பதற்கு வேறு பெயர்.

ஆக, பழைய பட்டியலில் 'வெர்சிகலர்' என்று இருந்தால் அது ஊர்ப் பெயர் இல்லாத முகவரி மாதிரி. ரீயூனியன் ஓணான் புதுச்சேரிக் கிளையில் ஒட்டினால் என் ஆசை ஜெயிக்கும். தென்கிழக்கு ஆசியக் கிளையில் ஒட்டினால் கரும்புக் கரணை ஜெயிக்கும். ஒப்பிட இந்தப் பக்கத்து ஊர்களின் மாதிரிகளும் வேணும். ஓணானைக் கண்டதும் கல்லெடுக்கும் எங்கள் தெருப் பையன்களிடம் இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.