வீட்டில் சலவைச் சோப்பு: சிக்கனமும் எச்சரிக்கையும்

துணி வெளுப்பதற்கு மாதந்தோறும் ஆகும் செலவைக் குறைக்க, சோப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று தாய்மார்கள் களப் பணியாளரிடமும் ஆசிரியரிடமும் வினவுவதுண்டு. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்த எண்ணெயினால் செய்கிறோம், எத்தகைய நீரில் வெளுக்கிறோம் என்னும் இரண்டையும் பொறுத்தே சிக்கனம் அமையும்.

மும்பையைச் சேர்ந்த விக்ரோலி, நம் நாட்டுச் சோப்புத் தொழிலின் வரலாற்றோடு தொடர்புடைய ஊராகும். அர்தேஷிர் கோத்ரெஜ் 1918-இல் விலங்குக் கொழுப்பின்றித் தாவர எண்ணெயினால் செய்த 'சாவி' என்னும் சோப்பை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவருடைய இளவல் பிரோஜ்ஷா 1943-இல் விக்ரோலியில் நிலம் வாங்கினார். அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகள் பின்னர் அங்கே எழுந்தன. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தம் வீட்டின் புழக்கடையில் சலவைத் தூள் தயாரித்து, மிதிவண்டியில் கொண்டு சென்று விற்றார். அதுவே 'நிர்மா' ஆயிற்று. எனினும் அவர் இரசாயனம் பயின்றவர் என்பதை மறத்தலாகாது.

சோப்பு வேறு, சலவைத் தூள் வேறு

எண்ணெயும் எரிசோடா எனப்படும் காஸ்டிக் சோடாவும் இரசாயன மாற்றமுற்றுச் சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. கடைகளில் விற்கும் சலவைத் தூள், பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து பெறும் பொருள்களைக் கந்தக அமிலச் சேர்க்கையால் மாற்றிச் செய்வதாகும். அதனை வீட்டில் செய்தல் இயலாது, முயலவும் கூடாது. வீட்டில் செய்யக்கூடியது சோப்பு ஒன்றே.

எந்த எண்ணெய்?

சமையல் எண்ணெயைக் கடை விலைக்கு வாங்கிச் சோப்புச் செய்வது, சாதாரணச் சலவைச் சோப்பை விலைக்கு வாங்குவதைவிடச் செலவு மிக்கது. பொரித்துக் கழிந்த எண்ணெய் கிடைத்தால் மட்டுமே ஆதாயம் உண்டு. வடாபாவ், பஜ்ஜிக் கடைகள் நிறைந்த விக்ரோலி போன்ற ஊர்களில் இதற்குப் பஞ்சமில்லை. மொத்தத் துருவப் பொருள்கள் 25 விழுக்காட்டிற்கு மேற்பட்ட எண்ணெயைச் சமையலுக்கு மீண்டும் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. உணவுக்கு உதவாத அவ்வெண்ணெய் சோப்புக்கு உதவும்.

செய்முறை

கழிந்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி 1 கிலோ நிறுத்துக்கொள்க. எரிசோடா 125 கிராம், நீர் 320 கிராம் எடுத்துக்கொள்க. நிறுவை பிசகுதல் கூடாது. படியினாலோ கரண்டியினாலோ அளத்தலும் கூடாது. எரிசோடாவைச் சிறிது சிறிதாக நீரில் இட்டுக் கரைக்க வேண்டும். எரிசோடாவின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கரைசல் ஆறிய பின், இளஞ்சூடான எண்ணெயில் அதனை மெல்ல ஊற்றி, கூழ்ப் பதம் வரும்வரை இடைவிடாது கிளறி அச்சில் வார்க்க வேண்டும். இறுகியபின் துண்டுகளாக்கி, நான்கு வாரம் நிழலில் உலர விடுக. பாமாயில் கெட்டியான சோப்புத் தரும்; சூரியகாந்தி எண்ணெய்ச் சோப்பு இளகியிருக்கும்.

இவ்வளவு எல்லா எண்ணெய்க்கும் பொருந்தாது. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் எரிசோடா வேண்டும். கடலை எண்ணெய்க்கு 136 கிராம் போதும். தேவைக்குச் சற்றுக் குறைவாகவே காரத்தைச் சேர்த்தல் முறை. மிகுந்தால் அது சோப்பில் தங்கித் தோலைப் புண்ணாக்கும். உலர்ந்த சோப்பைச் சிறிது நீரில் கெட்டியாகக் கரைத்து, பி.எச். தாளால் சோதிக்கலாம். 9 அல்லது 10 காட்டுதல் இயல்பு; 11-ஐ எட்டினால் அதனை உபயோகிக்கலாகாது.

எச்சரிக்கை

எரிசோடா தோலையும் கண்ணையும் அரிக்கும். அதன் கரைசல் பார்வைக்குத் தண்ணீரைப் போன்றே இருப்பதால், குழந்தை அறியாது பருகின் உணவுக்குழல் வெந்துபோகும். ஆகவே குடிநீர்ப் பாட்டிலிலோ தம்ளரிலோ அதனை ஒருபோதும் வைத்தலாகாது. பெயர் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் தகாது. எரிசோடா அதனை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்க. மேலே பட்டால் உடனே மிகுந்த நீரால் கழுவுக. கண்ணில் பட்டால் கால் மணி நேரமேனும் இடைவிடாது கழுவி, மருத்துவமனைக்குச் செல்க. விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாது, உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். ஒற்றை அறையில் சிறு குழந்தைகளோடு வாழும் குடும்பம் இதனைத் தனியே செய்யாதிருத்தலே நன்று. மகளிர் குழுவினர் ஒரு பொது இடத்தில் கூடிச் செய்யலாம்.

நீரின் தன்மை

கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத திரையாகப் படிகின்றன. மும்பைக் குழாயில் வரும் ஏரி நீர் பெரும்பாலும் மென்னீரே. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. பாட்டிலில் நீரும் சிறிது சோப்பும் இட்டுக் குலுக்கினால், நுரை நில்லாது திரை தோன்றுவது கடின நீராகும். அதற்குத் துருவிய சோப்பு இரு பங்கும் சலவைச் சோடா ஒரு பங்கும் கலந்து உபயோகிக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் இக்கலவை ஆகாது. திரை படியுமாதலால் சலவை இயந்திரத்திற்கும் இது ஏற்றதன்று.

ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு ஒரு கணக்குப் போடச் செய்யலாம். எண்ணெய், எரிசோடா இவற்றின் உள்ளூர் விலையைக் கூட்டி, உலர்ந்து கிடைக்கும் சோப்பின் எடையால் வகுத்து, கடைச் சோப்பின் விலையோடு ஒப்பிடுக. விலை குறைந்தால் செய்க, இல்லையேல் வாங்குக. எவ்வாறாயினும் கழிந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதிருக்கச் சொல்லுக. விக்ரோலியின் கிழக்கே அலையாத்திக் காடுகள் சூழ்ந்த தாணே கழிமுகம் உள்ளது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அக்கழிமுகத்தையே ஊரின் வடிகால்கள் சென்றடைகின்றன.