மே/பா போட்ட மின்னஞ்சல்

சிதம்பரத்தில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைக்குக் கடலூரிலிருந்து கடிதம் போடும்போது, பிள்ளையின் பெயருக்குக் கீழே ‘மே/பா’ என்று எழுதி வீட்டுக்காரரின் பெயரையும் சேர்ப்போம். தபால்காரருக்கு வீட்டுக்காரரைத் தெரிந்தால் போதும். பிள்ளையிடம் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு காலத்தில் அலுவலகக் கணினியிலிருந்து இணையத்துக்கு மின்னஞ்சல் போனதும் இப்படித்தான்.

அரசு அலுவலகங்களுக்கான என்.ஐ.சி.நெட் வலையமைப்பு 1980களின் இறுதியில் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை இணைத்தது. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்ததோ 1995 ஆகஸ்ட் 15 முதல்தான். அந்த நாட்களில் ஒவ்வொரு அலுவலக அஞ்சல் முறைக்கும் முகவரி எழுத ஒரு தனி வழக்கம் இருந்தது. உள்ளே இருப்பவருக்கு எழுதப் பயனர் பெயர் போதும். இணையத்தில் இருப்பவருக்கு எழுத, இரண்டு வழக்கமும் அறிந்த ‘கேட்வே’ நடுவில் வேண்டும். அதுதான் நம் வீட்டுக்காரர்.

அன்று அலுவலகங்களில் இருந்த வாக்ஸ் கணினியைப் பாருங்கள். ‘மெயில்’ என்று தட்டி, ‘செண்ட்’ என்று கட்டளை கொடுத்தால் யாருக்கு என்று திரை கேட்கும். இணைய முகவரியானால், பல இடங்களில் இப்படித் தட்டுவார்கள்:

ஐஎன்%"பெயர்@இடம்"

% வரை உள்ளது கேட்வேயின் பெயர். மேற்கோளுக்குள் இருப்பது பெறுபவரின் முகவரி. ‘இதை நீ பிரித்துப் படிக்காதே, அப்படியே ஒப்படை’ என்று அலுவலகக் கணினிக்குச் சொல்வதே மேற்கோள் குறியின் வேலை.

வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஜெம்ஸ்-400 போன்ற எக்ஸ்.400 வகை அஞ்சல் சேவைகளில் இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த முறையின் அடிப்படை எழுத்துத் தொகுதியில் @ குறியே கிடையாது. அதனால் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சிறிய ‘ஏ’ போடுவார்கள். கேட்வே அதை @ ஆக மாற்றிக்கொள்ளும்.

இன்று கடலூர் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு நேராகவே முகவரி எழுதலாம். ஆனாலும் கட்டளைகள் மறையவில்லை. நமக்குப் பதிலாக நிரல் அவற்றை அனுப்புகிறது. மின்னஞ்சல் அனுப்புவதற்கென 1982இல் வகுத்த எஸ்.எம்.டி.பி. முறைப்படி, அனுப்பும் கணினி முதலில் வணக்கம் சொல்லும். பிறகு ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநரையும், ‘ஆர்சிபிடி டூ’ என்று பெறுநரையும் அறிவிக்கும். ‘டேட்டா’ என்றதும் கடிதம் போகும். தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் எதிர்ப்பக்கம் ஓர் எண்ணால் பதில் சொல்லும். 250 என்றால் சரி.

அனுப்பிய அஞ்சல் திரும்பி வந்தால், அந்த எண்ணைத்தான் முதலில் தேட வேண்டும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. கணினியே மறுபடி முயன்றிருக்கும், நாமும் சற்றுப் பொறுத்து அனுப்பலாம். 5இல் தொடங்கினால் அதையே திரும்ப அனுப்பிப் பயனில்லை. 550 என்றால் பெரும்பாலும் அந்தப் பெயரில் அங்கே அஞ்சல் பெட்டி இல்லை, அல்லது அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். @ குறிக்கு இருபுறமும் உள்ளதை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.