கொடைக்கானல் தூண் பாறைகள் உருவானது எப்படி? குணா குகைக்கு கம்பி வேலி ஏன்?

கொடைக்கானல் போகும் குடும்பங்களின் பிளான் பெரும்பாலும் ஒன்றுதான். ஏரியில் படகு, சைக்கிள், சுட்ட சோளம். பிறகு வண்டி ஏறி தூண் பாறை, குணா குகை. அங்கே கம்பி வேலியைப் பார்த்ததும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "இவ்ளோதானா? உள்ளே போக முடியாதா?" பதில் அந்தப் பாறைகள் உருவான விதத்திலேயே இருக்கிறது.

ஏரி மனிதர் கட்டியது

பலரும் இயற்கை ஏரி என்று நினைப்பது உண்மையில் செயற்கை ஏரி. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் இங்கே ஓடிய நீரோடைகளைக் கரை கட்டித் தடுத்து உருவாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை என்பதால் தாத்தா, பாட்டியும் சேர்ந்து நடக்கலாம். அதிகாலையில் போனால் குதிரை, சைக்கிள் நெரிசல் இருக்காது. ஆனால் காட்டுமாடுகள் ரோட்டுக்கே வரும் ஊர் இது. சாதுவாக நிற்கிறதே என்று செல்ஃபிக்காகப் பக்கத்தில் போகக் கூடாது.

பல்லாவரத்துக்கும் கொடைக்கானலுக்கும் சொந்தம்

ஏரியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் தூண் பாறைகள். சுமார் 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள் செங்குத்தாக நிற்கும். இந்த மலையில் அதிகம் இருப்பது சார்னோக்கைட் என்ற பாறை வகை. சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் இருப்பதும் இதே வகைதான். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதால், 1893-ல் புவியியலாளர் ஹாலந்து அவர் பெயரையே இதற்கு வைத்தார்.

50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் அடி ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய பாறை இது. மேலே இருந்த பாறை அடுக்குகள் காலப்போக்கில் கரைந்துபோக, சுமை குறைந்த பாறை விரிந்து மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. அந்த விரிசல்களில் மழைநீர் இறங்கியது. மட்கிய இலைகள் வழியாக வரும் தண்ணீரில் லேசான அமிலத்தன்மை இருக்கும். அது விரிசலின் இரு ஓரங்களையும் மெல்ல மெல்ல மண்ணாக்கும், அடுத்த மழை அந்த மண்ணை அடித்துக்கொண்டு போகும். இப்படியே விரிசல் இடைவெளியானது, நடுவில் மிஞ்சியது தூணாக நிற்கிறது.

அழகும் ஆபத்தும் ஒரே விரிசலில்

குணா குகையும் அப்படித்தான். பாறைகளுக்கு இடையே இறங்கும் இடுக்குகள்தான் நாம் 'குகை' என்று சொல்வது. மேலே சோலை மரங்களின் வேர்கள் பின்னிக் கிடக்கும். சருகும் பாசியும் மூடிவிட்டால், கால் வைக்கும் இடம் தரையா, பள்ளமா என்று பெரியவர்களுக்கே தெரியாது. ஈரத்தில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

1991-ல் வந்த 'குணா' படத்தால்தான் 'டெவில்ஸ் கிச்சன்' என்ற பெயர் குணா குகையானது. இங்கே பலர் உயிரிழந்திருக்கிறார்கள். 2006-ல் கேரளாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பிளவுக்குள் விழ, நண்பரே கயிறு கட்டி இறங்கி மீட்டார். அந்தச் சம்பவம்தான் 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படமாக வந்தது. படத்தின் குகைக் காட்சிகள் பெரும்பாலும் செட்டில் எடுக்கப்பட்டவை. அதைப் பார்த்துவிட்டு நிஜ வேலியைத் தாண்ட நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குழந்தைகளோடு எங்கே நடக்கலாம்?

மலை விளிம்பை ஒட்டியே போகும் கோக்கர்ஸ் வாக் 1872-ல் போடப்பட்டது. சுமார் ஒரு கிலோமீட்டர்தான், சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். வட்டக்கானலில் இருந்து இறங்கும் டால்பின் நோஸ் பாதை வேறு ரகம். வேர்களும் சரிவும் நிறைந்தது, திரும்பும்போது மூச்சு வாங்கும். முடிவில் இருப்பது பள்ளத்தாக்கை நோக்கி நீண்ட ஒரு பாறை. நன்றாக நடக்கும் பெரிய பிள்ளைகள் என்றால் கூட்டிப் போகலாம், பாறை நுனிக்கு மட்டும் விடவே கூடாது.

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. கிளம்பும் முன் அதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தூண் பாறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏற ஏற, சமவெளியின் சூடான காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து மூடுபனியாகிவிடும். போன நேரத்தில் எதிரே வெறும் வெள்ளையாக இருந்தால் உடனே வண்டி ஏற வேண்டாம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காற்று திசை மாறி, மூன்று தூண்களும் பளிச்சென்று தெரிவதும் உண்டு.