ஐந்து விநாடியில் எத்தனை தட்டு?

சென்னையில் தாம்பரத்துக்கு முந்தைய மின்ரயில் நிலையத்தை இன்றும் 'சானடோரியம்' என்றுதான் சொல்கிறோம். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. 1993-லிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது முதல் மையங்களில் தாம்பரமும் இருந்தது.

ஆட்கள் பிழைத்தார்கள். அதன்பிறகுதான் மூளையைப் பற்றிக் கவலைப்பட நேரம் கிடைத்தது எனலாம். வைரஸ் நரம்பணுக்களை நேராகத் தொற்றுவதில்லை. ரத்த வெள்ளணுக்களில் ஏறி மூளைக்குள் போய், அங்குள்ள காவல் அணுக்களைக் கெடுக்கிறது. அடி கூடுதலாக விழுவது மூளையின் ஆழத்தில். அதனால் முதலில் குறைவது பெரும்பாலும் வேகம். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார். சட்டைப் பொத்தான் போடத்தான் நேரமாகும்.

2005-ல் வெளியான பன்னாட்டு எச்.ஐ.வி. மறதிநோய் அளவுகோல் இந்த வேகத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறது. நீங்களே செய்து பாருங்கள். எழுதப் பயன்படுத்தாத கையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து, ஐந்து விநாடி வேகமாக ஒன்றோடொன்று தட்டுங்கள். பதினைந்து தட்டினால் முழு மதிப்பெண். அடுத்து மேசைமேல் முஷ்டி, விரித்த உள்ளங்கை, சுண்டுவிரல் பக்கமாக நிறுத்திய கை என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். முதலிலேயே சொல்லி வைத்த நான்கு சொற்களைக் கடைசியில் திருப்பிச் சொல்ல வேண்டும். மொத்தம் 12, பத்தோ அதற்குக் கீழோ என்றால் விரிவான பரிசோதனை. லேசான பாதிப்பு இதில் தப்பிவிடுவது உண்டு.

இந்தியாவில் பெரும்பாலும் பரவியிருப்பது 'சி' வகை வைரஸ். மூளைக்கு அது சாது என்றொரு நம்பிக்கை இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் குழு, கூட்டு மருந்து தொடங்காத 119 பேரை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவில், ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு லேசானது முதல் நடுத்தரம்வரை குறைபாடு இருந்தது.

ஆனால் யாரோடு ஒப்பிட்டுக் 'குறைவு' என்பது? கையெழுத்துப் போட மட்டுமே பேனா பிடித்த கொத்தனாரைக் கல்லூரி படித்தவருக்கான அளவுகோலில் நிறுத்தினால் தோற்கத்தான் செய்வார். வயது, படிப்பு இரண்டும் ஒத்த உள்ளூர்க்காரர்களின் மதிப்பெண்தான் சரியான தராசு. எழுத்துகளுக்குப் பதில் வண்ண வட்டங்களைக் கோட்டால் இணைக்கும் சோதனை வந்ததும் இதனால்தான்.

மதிப்பெண் குறைந்தாலும் வைரஸ்மேலேயே பழி போட முடியாது. மனச்சோர்வு, குடி, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை எல்லாவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். மூளை உறையைத் தாக்கும் காசநோயையும்தான். சானடோரியத்துக்கு அது பழைய ஆள்.